நாற்பத்தோராம் நிமிடத்தில் நடந்தவர்

தெம்போக்கோ ஒரு ஆளை ஒரே ஒரு தடவை தெருவில் நடக்கவிட்டுப் பார்த்தால் போதும், மறுநாள் அந்த ஆளின் நடை அவள் காலில் இருக்கும். கூதுகு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவளுடைய தோலோக் கொட்டகை. சிவப்புச் சோளத்தை முளைகட்டி அவள் காய்ச்சுகிற கள்தான் தோலோ; அது ஒன்றும் அமிர்தம் இல்லை. அடுத்த சந்தில் இதைவிட நல்ல சரக்கு கிடைக்கும். ஆனாலும் கூட்டம் இங்கேதான். சுரைக்குடுவையைக் கையில் வாங்கிக்கொண்டு, "எங்கே, அந்தத் தபால்காரரை ஒரு நடை விடு" என்பார்கள். தபால்காரர் அங்கேயே உட்கார்ந்திருந்தாலும் விடுவாள். அவ்வளவு திமிர்.

இந்தத் திறமைக்கு எங்கள் மோசி ஜனங்களிடம் வேறு ஒரு வேலையும் உண்டு. ஒருவருக்குக் கடைசிக் காரியம் செய்யும் நாளில் அந்த வீட்டு மருமகள் செத்தவரின் சட்டையைப் போட்டு, தொப்பியை வைத்து, அவர் தடியை ஊன்றிக்கொண்டு அவராகவே முற்றத்துக்கு வருவாள். ஜனங்கள் சிரிப்பார்கள், திட்டுவார்கள், கேட்க வேண்டியதைக் கேட்பார்கள். அவள் அவராகப் பதில் சொல்ல வேண்டும். அந்த நேரம் அவள் வாயில் வருவது செத்தவர் வாக்கு, சொன்னால் சொன்னதுதான். அதன் பிறகு அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். மருமகள் முறை வருகிற பதினொரு வீடுகளில் தெம்போக்கோ இதைச் செய்திருக்கிறாள். ஒரு வீட்டில் கிழவரின் கடன்காரன் பயந்து சுவரேறி ஓடினான்.

ஆனால் சொந்த மாமனாருக்கு மட்டும் அவளால் முடியவில்லை. எப்படி முடியும்? ராவ்கோ பாம்பு கடித்துச் செத்தபோது அவள் புருஷன் யம்பாவுக்கு நாலு வயது. தகப்பன் என்றதும் அவனுக்கு ஞாபகம் வருவது ஒரு தொப்பிதான். மூத்த மகன் செய்வான் செய்வான் என்று காரியம் முப்பத்தாறு வருஷம் தள்ளிப்போனது. மூத்தவனும் போன வருஷம் போய்ச் சேர்ந்தான். ஊரில் மாமியார் தலாத்தோ கண் புரையோடி, மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தாள். கனவில் ராவ்கோ வந்து உரல்மேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறாராம்.

"இந்த அறுவடை முடிஞ்சதும் அவரை அனுப்பிடணும்டி" என்று போனில் சொன்னாள். "அடுத்த அறுவடைக்கு நான் இருக்க மாட்டேன். ஆனா நடை அவர் நடையா இருக்கணும். இல்லேன்னா தன்னைத்தான் கூப்பிடறாங்கன்னே அவருக்குத் தெரியாது. வாசல்லயே நிப்பாரு."

"சரி அத்தே" என்றாள் தெம்போக்கோ.

கொட்டகைக்குத் தினம் வருகிற மெக்கானிக் தோயே ஸாமோ இனத்தவன். மோசிகளை வாய்க்கு வந்தபடி கேலி பேச அவனுக்குப் பிறப்புரிமை; திருப்பிப் பேச இவர்களுக்கும். "உங்க ஆளுங்க செத்தாக்கூட ஒழுங்கா சாக மாட்டேங்கறீங்களே! முப்பத்தாறு வருஷமா வாசல்ல நிக்கறாராமே!"

"போடா நாய்த்தலை தின்னி. குடிச்சுட்டுக் கிளம்பு" என்றாள். வழக்கமான சுதி அதில் இல்லை.

வழி காட்டியது கிளாரிஸ். யம்பாவின் சித்தப்பா மகள்; தலைநகர் வாகதூகுவில் பழைய படச்சுருள்கள் வைத்திருக்கும் கிடங்கில் வேலை. உலகத்துக் கலைப்படங்களாகப் பொறுக்கிப் போடுகிற ஒரு ஓடிடி தளத்தில் அவளுக்குக் கணக்கு உண்டு. அதன் பாஸ்வேர்டை ரெண்டு வருஷம் முன்பே அண்ணிக்குக் கொடுத்திருந்தாள். தெம்போக்கோவுக்கு அந்தப் படங்களின் பாஷை புரியாது, அடியில் ஓடுகிற எழுத்தையும் படிக்க வராது. ஆனால் அந்தப் படங்களின்மேல் அவளுக்கு உயிர். "சண்டைப் படத்துல எவன் நடக்கறான்? எல்லாம் ஓட்டம், வெட்டு, குத்து. இதுல பாரு, ஒரு ஆளு கதவுல இருந்து ஜன்னல் வரைக்கும் நடந்தா, முழுசா நடக்க விடறாங்க" என்பாள். தோலோ கொதிக்கிற மத்தியான வேளையில் கவிழ்த்த பானைமேல் போனைச் சாய்த்து வைத்து, பனி பெய்யும் ஏதோ நாட்டில் ஒருத்தி பத்து நிமிஷம் துணி மடிப்பதை வாய் திறக்காமல் பார்ப்பாள். மறுநாள் கொட்டகையில் அந்தப் பனிநாட்டுக்காரி துணி மடிப்பாள்.

கிளாரிஸ் ஒருநாள் மூச்சிரைக்கக் கூப்பிட்டாள். "அண்ணி, உங்க மாமனார் ஊர்ல அந்தக் காலத்துல ஒரு படம் எடுத்தாங்களாமே? அதை வெளிநாட்டுல துடைச்சுப் புதுசாக்கி நம்ம தளத்துல விட்டிருக்காங்க. முப்பது நாள்தான் இருக்கும். அப்புறம் எடுத்துடுவாங்க."

மாமனார் அந்தப் படத்தில் வருகிறாரா என்று கேட்கத் தெம்போக்கோ தலாத்தோவுக்குப் போன் போட்டாள். அந்த ஊரில் போனில் பேச்சே விட்டுவிட்டுத்தான் கேட்கும், படம் எங்கே ஓடப்போகிறது? போதாததற்கு, காரிய நாள்வரை நடையை ஊரார் யாருக்கும் காட்டக்கூடாது என்பது முறை. தலாத்தோ யோசித்துச் சொன்னாள்: "ஆமா, மூட்டை தூக்கிட்டுப் போற ஆளுங்கள்ல ஒருத்தரா நடக்கச் சொன்னாங்க. நான் நூல் நூத்த கோடு போட்ட சட்டை. தோள்ல மட்டும் ஒரு நீலக்கோடு. அந்த நூல் அன்னிக்கு யார்கிட்டயும் கிடையாது."

நாற்பத்தோராம் நிமிடத்தில் நீலக்கோடு வந்தது. ஒல்லியான மனிதர். தலையில் மூட்டை. வலது குதிகாலை மண்ணில் இழுத்து இழுத்து நடந்தார். வரிசையில் மற்றவர்கள் நேரே பார்த்துப் போக, இவர் மட்டும் நின்று, மூட்டை அசையாமல் கழுத்தை முழுக்கத் திருப்பி, இந்தப் பக்கம் பார்த்தார். உதடு அசைந்தது. மேலே ஏதோ வாத்தியம் ஓடியதால் பேச்சு கேட்கவில்லை. பிறகு நடந்து மறைந்தார். மொத்தம் பத்தொன்பது அடி.

"வாங்க மாமா" என்றாள் தெம்போக்கோ, பயமும் சந்தோஷமுமாக.

தினமும் மத்தியானம் அந்தத் துண்டை மட்டும் பார்த்தாள். அடுப்புப் புகையில் கண் எரியும். வெளியே புழுதிக்காற்று தகரத்தைத் தட்டும். நடந்தவர் நிற்பார், திரும்புவார், பார்ப்பார். பார்க்கிற நேரம் நாளுக்கு நாள் நீள்வதுபோல அவளுக்குத் தோன்றியது. ஒரு நாள் அடிகளை எண்ணினால் இருபது வந்தது. பயந்துபோய்க் கிளாரிஸைக் கூப்பிட்டாள்.

"படம் எப்படி அண்ணி மாறும்? நீங்கதான் தப்பா எண்ணியிருப்பீங்க."

"நானா? நடையிலயா? தப்பாவா?"

"போதும் அண்ணி, பார்க்காதீங்க" என்றாள் கிளாரிஸ்.

பார்க்காமல் இருக்க முடியவில்லை. மற்ற நடைகளை எல்லாம் அவள்தான் எடுத்துப் போட்டுக்கொள்வாள், வேலை முடிந்ததும் கழற்றி வைப்பாள். இது கழலவில்லை. சந்தையில் வெண்டைக்காய் வாங்கப் போனாலும் வலது குதிகால் அவளைக் கேட்காமல் இழுத்தது. கொட்டகையில் பெஞ்சுக்கடியில் வருஷக்கணக்காகப் படுத்துக் கிடந்த நாய் எழுந்துபோய்ச் சாலைக்கு அந்தப் பக்கம் படுத்தது. தோயே ஒருநாள் குடுவையைப் பாதியில் வைத்துவிட்டு, "உள்ளே யாரு ஆம்பளை நடமாட்டம்?" என்று கேட்டான். உள்ளே அவள் ஒருத்திதான் இருந்தாள்.

யம்பாதான் அவளை உண்மையில் கலங்கடித்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குச் சோளக்களியும் குழம்பும் எடுத்துக்கொண்டு வந்தாள். தின்பண்டம் கொறித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று எழுந்து, குந்தி உட்கார்ந்து, தலை குனிந்தான். பெரியவர்கள் வந்தால்தான் அப்படி உட்காருவோம்.

"என்னங்க இது?"

யம்பா தன் முழங்காலையே பார்த்தான். "தெரியலடி. காலு மடங்கிடுச்சு."

மாதக் கடைசியில் படம் தளத்திலிருந்து போய்விட்டது. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. அதிலிருந்து ஒன்பதாம் நாள் ஊரில் காரியம்.

பதினைந்து பானை தோலோ, பறைக்காரர்கள், நாலு ஊர் உறவு. கேலிமுறைக்காரன் இல்லாமல் சாவுக்காரியம் உண்டா? தோயேயும் வந்திருந்தான். வெயில் சாயத் தொடங்கியதும் ராவ்கோவின் பழைய அறைக்குள்ளிருந்து தெம்போக்கோ வெளியே வந்தாள்: அவர் தொப்பி, அவர் தடி, இழுபடும் வலது குதிகால்.

"வாய்யா ராவ்கோ!" என்று தோயே கத்தினான். "பாம்பைக் கடிச்சுட்டு எங்கய்யா ஓடிப்போனே? எங்க தாத்தாவுக்குத் தர வேண்டிய கோழி எங்கே?"

யாரும் சிரிக்கவில்லை. ஊர் அறியாத தோயே மட்டும் இன்னும் ரெண்டு வாக்கியம் கேலி பேசினான். பிறகு அவனும் சுற்றிலும் பார்த்து வாயை மூடிக்கொண்டான். பறை நின்றது. கிழவர்கள் குடுவைகளைக் கீழே வைத்தார்கள். நடை பிசகிவிட்டதோ என்று தெம்போக்கோ பயந்தாள். ஆனாலும் கால் நிற்கவில்லை. முற்றத்தின் நடுவே நின்று, கழுத்தை முழுக்கத் திருப்பி, பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள்.

அங்கிருந்து ஒரு வயதானவள் எழுந்தாள். கிணற்றடி வீட்டு பிபாத்தா. அவள் புருஷன் நொபிலா, ராவ்கோ செத்த அதே வருஷம் ஐவரி கோஸ்டுக்குக் கொக்கோத் தோட்ட வேலைக்குப் போனவன். கடுதாசி இல்லை, ஆள் மூலம் சேதி இல்லை. செத்தான் என்று சேதி வராதவரை உயிரோடு இருப்பதாகத்தான் அர்த்தம். அதனால் அவள் விதவையும் இல்லை, வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவும் இல்லை. இன்றைக்கும் சாயங்காலம் களி கிண்டினால் ஒரு பங்கைத் தனியே மூடி வைப்பாள்.

"நொபிலா" என்றாள் பிபாத்தா. "எப்ப வந்தீங்க?"

உயிரோடு இருப்பவன் இப்படி வரமாட்டான் என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

பாயில் சாய்ந்திருந்த தலாத்தோ கண் தெரியாமல் காதை மட்டும் நீட்டியிருந்தாள். குதிகால் இழுபடும் சத்தத்தை அவளும் கேட்டிருந்தாள். "ஐயோ, சட்டை!" என்றாள். "அன்னிக்கு என் வீட்டுக்காரர் ரொம்ப உயரமா இருக்காருன்னு படக்காரங்க வேணாம்னுட்டாங்க. சட்டையை மட்டும் கழட்டி நொபிலாவுக்குப் போட்டாங்க. இவர் வெத்து உடம்போட மரத்தடியில உட்கார்ந்திருந்தாரு. எனக்கு எப்படி மறந்துச்சு? பாவி, எனக்கு எப்படி மறந்துச்சு?"

ஊர்ப் பெரியவர் தடியை ஊன்றி எழுந்தார். "ஒரு காரியத்துல ஒருத்தரைத்தான் அனுப்ப முடியும். தெம்போக்கோ, நீ யாரு? உன் பேரைச் சொல்லிட்டு உள்ளே போய்ட்டா, கழுவிட்டு ராவ்கோவா திரும்பி வரலாம். முடிஞ்ச மட்டும் பார்ப்போம். யோசிச்சுச் சொல்லு."

பிபாத்தாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. நெருங்கி வந்துவிட்டாள். தெம்போக்கோவின் முகத்துக்கு நேரே நின்று, ரொம்ப மெதுவாக, வீட்டுக்குள் பேசுகிற குரலில் கேட்டாள்:

"உங்களுக்கு இன்னும் சோறு எடுத்து வைக்கட்டுமா?"

'நான் தெம்போக்கோ, அக்கா' என்று மூன்றே சொல் சொன்னால் போதும்; மாமனார் போய்ச் சேருவார், மாமியார் நிம்மதியாகக் கண்ணை மூடுவாள். ஆனால் இந்தப் பொம்பளை இன்றைக்குச் சாயங்காலமும் ஒரு பங்கை மூடி வைப்பாள், சாகிறவரை வைப்பாள். நொபிலாவாகப் பதில் சொன்னால், மாமியார் காத்திருந்த முப்பத்தாறு வருஷமும் இந்த முற்றத்தோடு வீண். தெம்போக்கோ தலாத்தோவைப் பார்த்தாள். தான் பார்ப்பது கிழவிக்குத் தெரியாதே என்று ஆத்திரமாக வந்தது.

தலாத்தோ பாயில் கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. குரல் வந்தபோது, மருமகளிடம் பேசுகிற குரலாக அது இல்லை. புருஷனின் சிநேகிதரிடம் பேசுகிற மரியாதையான குரல்.

"பதில் சொல்லுங்க நொபிலா. பாவம், கேக்கறா இல்ல?"

"வேணாம்" என்றாள் தெம்போக்கோ. தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. "இனிமே எடுத்து வைக்காதே."

பிபாத்தா தலைத்துணியை அவிழ்த்துக் கீழே போட்டாள். மண்ணில் உட்கார்ந்து ரெண்டு காலையும் நீட்டி, முப்பத்தாறு வருஷத்து அழுகையை அழுதாள். பெண்கள் ஓடிவந்து அவளைச் சுற்றிக்கொண்டார்கள். பறைக்காரர்கள் பெரியவரைப் பார்த்தார்கள், அவர் தலையசைத்தார், பறை மறுபடி கிளம்பியது.

தலாத்தோ பக்கத்தில் தடவித் தடவி ஒரு குடுவையை எடுத்தாள். கண் தெரியாததால் பாதி அவள் மடியிலேயே கொட்டியது. மிச்சத்தைத் தரையில் ஊற்றி, நொபிலாவின் பேரைச் சொல்லி வழியனுப்பினாள். யம்பா அவள் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு ராவ்கோவின் பேரை அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.