நான் இங்கயே இருந்துக்கறேனுங்க

என் வீட்டுக்காரரை எதற்கும் ஒரு தடவை கேட்டால் போதாது. "இன்னொரு இட்லி வைக்கட்டுங்களா?" என்றால் "போதும்" என்பார். அந்தப் போதும் கணக்கில் சேராது. மறுபடி கேட்டால் தட்டின் மேல் கையை வைத்து மறைப்பார். விரல்கள் மட்டும் விரிந்திருக்கும். "அட, ஒண்ணுதானுங்களே, சாப்பிடுங்க" என்று கையை விலக்கிவிட்டு வைத்துவிட வேண்டும். அதற்கப்புறம் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவார்.

இது அவருடைய குணம் மட்டுமில்லை. அன்னூர்ப் பக்கத்து அவருடைய சொந்தக்காரர்கள் எல்லோருமே இப்படித்தான். விசேஷ வீட்டுக்குப் பசியோடு போய் நின்றுகொண்டு, "இப்பத்தானுங்க சாப்பிட்டு வந்தோம்" என்பார்கள். வீட்டுக்காரர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார வைக்க வேண்டும். கூப்பிட்டவுடன் போய் உட்கார்ந்தால் காணாததைக் கண்டவர்கள் என்று ஆகிவிடும். கூப்பிட்டவர்கள் ஒரே தடவையோடு நிறுத்திக்கொண்டால், ஊர் வந்து சேரும்வரை அதே பேச்சாக இருக்கும். "ஒப்புக்குக் கேட்டாங்க" என்பார்கள். கொடுமுடியில் என் பிறந்த வீட்டிலும் இந்த வழக்கம் உண்டுதான், இந்த அளவுக்கு இல்லை. இதில் ஒன்றை மட்டும் நான் சீக்கிரமே புரிந்துகொண்டேன். கேட்பதெல்லாம் பெண்கள் வேலை. பெண்களை யாரும் ஒரு தடவைகூடக் கேட்பதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவருக்கு இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. நல்ல வேளையாகச் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இப்போது தடி ஊன்றி நடக்கிறார், பேச்சும் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பெல்லாம் சாப்பாட்டுக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்த நான், அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் கேட்க வேண்டியதாகிவிட்டது. ஃபேனைக் குறைக்கட்டுமா, தலையணை வைக்கட்டுமா, பாத்ரூம் போகிறீர்களா, வாசலில் கொஞ்சம் உட்காருகிறீர்களா. எல்லாவற்றுக்கும் முதலில் "இருக்கட்டும்" என்பார். குளிரில் நடுங்கிக்கொண்டே ஃபேனுக்கும் இருக்கட்டும் என்பார். சாயங்காலம் ஆவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். சடவு என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். படுத்து எழுந்தாலும் போகாத அலுப்பு. அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. சடவு மட்டும்தான், அதுவும் கழுத்து வரைக்கும் இருந்தது.

இந்த நிலையில்தான் கொச்சியில் வேலை பார்க்கிற எங்கள் மகள் போன் செய்தாள். அங்கே யாருக்கோ சொந்தமான ஒரு சின்னத் தீவு இருக்கிறதாம். முன்கூட்டியே சொல்லிவைத்தால் காலையில் படகில் கூட்டிக்கொண்டு போய், மத்தியானச் சாப்பாடு போட்டு, சாயங்காலம் கொண்டுவந்து விட்டுவிடுவார்களாம். கூட்டமே இருக்காது, மணலில் உட்கார்ந்து கடலில் கால் நனைக்கலாம், மூன்று பேரும் போகலாம் என்றாள்.

"எனக்கெதுக்கு அதெல்லாம். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றார் இவர்.

அன்றைக்கே இரண்டாவது, மூன்றாவது தடவைகளையும் கேட்டு முடித்துவிட்டேன். நாலாவதாகவும் கேட்க வேண்டியிருந்தது. கடைசியில், ஏதோ எனக்காக வருகிற மாதிரி ஒத்துக்கொண்டார். ஆனால் வீட்டுக்கு வந்து காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம், நான் சமையலறையில் இருக்கிற தைரியத்தில், "ஏனுங்க, இந்தக் காலைக் கடல் தண்ணியில வைக்கலாமுங்களா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. தாராளமாக வைக்கலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். அப்புறம் அலை எந்த உயரம் வரும், உப்புத் தண்ணீர் காலுக்கு நல்லதா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த மனிதருக்கு எவ்வளவு ஆசை இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அதை என்னிடம் சொல்லியிருந்தால் என்ன என்று எரிச்சலும் வந்தது.

நாங்கள் குடியிருக்கிற மதுக்கரையிலிருந்து வாடகைக் கார் பிடித்து, வாளையாறு தாண்டி, பாலக்காட்டு வெயிலில் வெந்து, ஒரு வழியாக மகளின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் டீ குடிக்க நிறுத்தட்டுமா என்று டிரைவர் கேட்டதற்கும் இவர் வேண்டாம் என்றார். டிரைவர் நிறுத்தாமல் போய்விட்டார். நான் தலையிட்டுத்தான் அடுத்த கடையில் நிறுத்தச் சொன்னேன்.

மறுநாள் காலையில் படகு. ஆளுக்கொரு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிவிட்டார்கள். எங்களோடு வேறு இரண்டு குடும்பங்கள் இருந்தன. படகோட்டிக்கு ஐம்பது வயது இருக்கும், தமிழ் ஓரளவு வந்தது. கூட ஓர் உதவியாளர். காயலில் ஆகாயத்தாமரையை விலக்கிக்கொண்டு படகு போனது. இவர் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் அவர் முகத்தை அப்படிப் பார்த்தேன். எனக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்றைக்கு ஒரு நாள் யாரையும் எதுவும் கேட்காமல் தண்ணீரில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். வேறு எந்த ஆசையும் எனக்கு இல்லை.

தீவை நெருங்கும்போதுதான் சிக்கல் தெரிந்தது. தண்ணீர் வற்றுகிற நேரம். இறங்குவதற்குக் கட்டியிருந்த கல் படிகள் வரைக்கும் படகு போகவில்லை, கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டது. மற்றவர்கள் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் சிரித்துக்கொண்டே குதித்தார்கள். மகளும் இறங்கிவிட்டாள். படகோட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து இவர் முன்னால் வைத்தார்.

"அண்ணா, இதில் உக்காந்தா போதும். நாங்க ரெண்டு பேரும் தூக்கிக் கரையில வெச்சோளாம். வயசானவங்களை எல்லாம் இப்படித்தான் கொண்டுபோறது."

இவர் கையைக் கூப்பாத குறையாகச் சொன்னார். "பரவாயில்லீங்க. உங்களுக்கெதுக்குச் சிரமம். நான் இங்கயே இருந்துக்கறேனுங்க."

"செரி அண்ணா" என்றார் படகோட்டி. நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்ப் படகின் பின்பக்கம் வைத்துவிட்டார். அவர் மேல் என்ன குற்றம்? ஒரு மனிதர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதானே எடுத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரைத் தவிர எல்லா ஊரிலும் அப்படித்தான்.

இவர் நாற்காலி போன திசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வாங்க, எறங்கிக்கலாம்" என்றேன்.

"இருக்கட்டும் அம்மணி. நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இப்படியே காத்தோட்டமா உக்காந்திருக்கறேன்."

அடுத்து நான் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவ்வளவு தூரம் வந்துபோட்டு எறங்காம இருந்தா எப்படீங்க என்று தொடங்க வேண்டும். அவர் மறுப்பார். நான் படகோட்டியைக் கூப்பிட்டு நாற்காலியை மறுபடி கொண்டுவரச் சொல்ல வேண்டும். அவர் சிரமம் சிரமம் என்று சொல்லிக்கொண்டே உட்காருவார். வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. அந்த நேரத்தில் எனக்குள் ஏதோ விட்டுப்போய்விட்டது. கோபமில்லை. பழி வாங்கும் எண்ணம் சத்தியமாக இல்லை. வாயைத் திறக்க உடம்பில் தெம்பில்லை, அவ்வளவுதான்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, மாத்திரைப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

தீவு ரொம்பச் சிறியது. தென்னை மரங்கள், இரண்டு ஓலைக் கொட்டகைகள், வளைந்து போய்க் கடலைத் தொடுகிற மணல் திட்டு. எங்கே உட்கார்ந்தாலும் படகு கண்ணில் பட்டது. படகில் இருந்து பார்த்தாலும் நாங்கள் தெரிந்திருப்போம்.

சுடிதாரோடு போய்த் தண்ணீரில் உட்கார்ந்தேன். அலை பெரிதாக இல்லை. மடியில் ஏறி, மணலை அள்ளிக்கொண்டு திரும்பிப் போனது. இடுப்பு வலி இருக்கிற இடத்தில் யாரோ ஒத்தடம் கொடுக்கிற மாதிரி இருந்தது. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, அப்பாவ இன்னொரு தடவ கேளும்மா. நீ கேட்டாத்தான் வருவாரு."

"ஏன், நீ கேளு."

அவள் அங்கிருந்தே போன் செய்தாள். படகில் இவர் போனை எடுத்துக் காதில் வைப்பது தெரிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "வேண்டாங்கறாரும்மா. நல்லாத்தான் இருக்குதாம்" என்று சொல்லிவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டு நீந்தப் போய்விட்டாள். வெளியூரிலேயே இருந்து பழகியவள். வேண்டாம் என்பதை அவளும் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளக் கற்றுவிட்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

அன்றைக்கு நான் நிம்மதியாக இருந்தேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. தண்ணீரில் இருந்தபோதும் கழுத்து தானாகப் படகின் பக்கம் திரும்பியது. மீன் குழம்பும் சிவப்பரிசிச் சோறும் போட்டார்கள். படகுக்கும் ஒரு தட்டு போனது. முதல் தடவை வேண்டாம் என்றிருப்பார், தட்டு திரும்பி வந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்ல வேளை, கொண்டுபோனவர் கேட்காமல் வைத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் ஒரு தென்னை நிழலில் துண்டை விரித்துப் படுத்தேன். படுத்ததுதான் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை. இரவில் அவர் இருமினால்கூட எழுந்து உட்காருகிற நான், படகுக்குக் கூப்பிட்ட விசில் சத்தத்துக்கும் எழுந்திருக்கவில்லை. மகள்தான் உலுக்கி எழுப்பினாள்.

புறப்படுகிற நேரம் ஆகியிருந்தது. இதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது. காலையில் தள்ளி நின்ற படகு இப்போது கல் படியை ஒட்டி நின்றது. செருப்புக்கூட நனையாமல் ஏறினோம். இவர் காலையில் பார்த்த அதே இருக்கையில் இருந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தார். எப்போது மடித்துக் கட்டினாரோ. எதுவும் பேசாமல் எதிரே போய் உட்கார்ந்தேன். பேசினால் மறுபடி கேட்கத் தொடங்கிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

எல்லோரும் ஏறியாகிவிட்டது. படகோட்டி கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

"ஏனுங்க" என்றார் இவர். சத்தமே எழவில்லை. கொஞ்சம் குரலை உயர்த்தி மறுபடி சொன்னார். "ஏனுங்க, நானும் கொஞ்சம் தண்ணியில எறங்கிக்கட்டுங்களா?"

படகோட்டி நிமிர்ந்து பார்த்தார். "நேரமாயி அண்ணா. திரும்பிப் போகணும். எல்லாரும் இருக்காங்க."

"சரிங்க" என்றார் இவர், உடனே. குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

இத்தனை வருடங்களில் அந்த மனிதர் தனக்கு வேண்டும் என்று வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் எரிந்தது. எழுந்தேன். அவருடைய வலது கையை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன்.

"அவரு கேட்டுப்போட்டாருங்க" என்றேன் படகோட்டியிடம். "எறக்கித்தான் உடோணும்."

படகோட்டி என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, கயிற்றை மறுபடி கட்டிவிட்டு, மறுபக்கம் வந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மகளும் இறங்கி முன்னால் நின்றாள். படியில் ஒவ்வொரு காலாக வைத்து, கடைசிப் படியில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நிறுத்தினோம். இழுத்துக்கொண்ட காலைத்தான் முதலில் வைத்தார். ஓர் அலை வந்து இரண்டு காலையும் சுற்றிக்கொண்டு போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "நீ இன்னொரு வாட்டி கேப்பேன்னு இருந்தேன்."

"தெரியுமுங்க."

"அப்பறம் ஏங் கேக்கல?"

"சடவா இருந்துச்சுங்க. இனிமேலும் கேக்க மாட்டேன். வேணும்னா சொல்லிப்போடுங்க."

படகில் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ மணி பார்த்தார்கள். ஒரு குழந்தை அழத் தொடங்கியது. படகோட்டி, "அண்ணா, போகலாமா?" என்று கேட்டார்.

எங்கள் ஊர் வழக்கப்படி அவர் அப்போதே சரிங்க என்று சொல்லியிருக்க வேண்டும். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இல்லீங்க" என்றார். "எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் நிக்கோணும்."

அவருடைய பாரம் முழுவதும் என் தோளில் இருந்தது. எனக்குக் கால் கடுத்தது. நின்றுகொண்டிருந்தேன்.