இல்லாத முட்டிவலி

பினாங்கின் கெலுகோரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அடுப்பு தீப்பிடித்துவிட்டதாக அழைப்பு வந்தது. காலை பதினொரு மணி இருக்கும். பொம்பா என்கிற தீயணைப்பு லோரியில் ஐந்து பேர் போனோம். வீடு ஒன்பதாவது மாடியில் இருந்தது. தீ என்றால் லிஃப்டைத் தொடக்கூடாது. முதுகில் காற்றுச் சிலிண்டரும் தோளில் சுருட்டிய குழாயுமாக நானும் என் ஜோடியும் படியேறினோம்.

தீக்குள் நாங்கள் இரண்டிரண்டு பேராகத்தான் போவோம். என் ஜோடி பைராம் என்ற தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பத்தொன்பது ஆண்டாக அவன் முன்னே, நான் பின்னே.

ஆறாவது மாடியில் என் கால்கள் நின்றுவிட்டன. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு உள்ளே போகவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு படி மேலே அவன் திரும்பிப் பார்த்தான்.

"ஓகேவா மச்சான்?"

"ஓகே லா. நீ போ."

அவன் போகவில்லை. ஒருத்தனாகப் போகக்கூடாது என்பது விதி. நான் மறுபடி காலைத் தூக்கும்வரை அங்கேயே நின்றான். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அந்த வீட்டு அம்மா ஈரத்துணியைப் போட்டுத் தீயை அணைத்துவிட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், முக்கியமாக என்னைப் பார்த்ததும், உள்ளே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

நிலையத்துக்குத் திரும்பும் வழியில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சாதாரணமாக எதற்கெடுத்தாலும் கிண்டலடிப்பவர்கள். அன்று கிண்டல் இல்லை என்பதே எனக்கு உறுத்தியது.

மூன்றாவது வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். உடல் எடை கூடிய தீயணைப்பு வீரர்களுக்கான வாழ்க்கைமுறைப் பயிற்சி. எங்கள் நிலையத்தில் நான்கு பெயர்கள். இரண்டாவது பெயர் என்னுடையது. அப்போது என் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. என்னைவிடக் கனத்த ஒருவர் பெயர் அதில் இல்லை. அப்படியானால் எடையைப் பார்த்து எழுதிய பட்டியல் இல்லை, யாரோ சொல்லி எழுதியது என்று முடிவுகட்டினேன். அந்தப் படிக்கட்டில் என்னைப் பார்த்தவன் ஒருவன்தான்.

நிலைய அதிகாரி, நாங்கள் துவான் என்று அழைப்பவர், எங்கள் நால்வரையும் கூப்பிட்டு மலாயில் விளக்கினார். வாரம் ஒருமுறை ஒரு கோச் தொலைபேசியில் பேசுவார். பேசுவதெல்லாம் அவரோடு நின்றுவிடும். பேசினோமா இல்லையா என்பது மட்டும்தான் அலுவலகத்துக்கு வரும். "பயப்பட ஒன்றுமில்லை" என்றார். அவர் அப்படிச் சொன்னதும்தான் எனக்குப் பயம் வந்தது. லோரியிலிருந்து இறக்கப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கவுண்டரில் உட்கார்ந்து படிவம் நிரப்புவார்கள். மணி அடிக்கும்போது மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வார்கள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு முதல் அழைப்பு. மலாய்க் குரலை எதிர்பார்த்திருந்தேன். வந்தது தமிழ், ஒரு பெண் குரல்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? நான்தான் உங்க கோச். பேசலாமா இப்ப?"

பினாங்கு முஸ்லிம் வீட்டுப் பேச்சு. வயது முப்பதுக்குள் இருக்கும். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்பாள் என்று பதிலோடு தயாராக இருந்தேன். அவள் அதைக் கேட்கவே இல்லை. எத்தனை மணி நேரம் தூங்குகிறேன், மணி அடித்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறதா, வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் முதலில் என்ன செய்வேன் என்றெல்லாம் கேட்டாள். எடையைக் குறைக்க வந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு? பின்னணியில் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"எழுதுறீங்களா?"

"ஆமா அண்ணே. மறந்துடும்ல."

"யாருக்கு அது?"

"எனக்குத்தான்."

நான் நம்பவில்லை. அதற்குப் பிறகு ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொன்னேன்.

சாப்பாட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அன்று மனைவியிடம் வெள்ளரிக்காயும் அவித்த முட்டையும் கொஞ்சம் கீரையும் ஒரு தட்டில் வைக்கச் சொன்னேன். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று, விளக்கைப் போட்டு ஒன்று என்று பதினைந்து படங்கள் எடுத்தேன்.

"கல்யாணப் பொண்ணக்கூட இவ்வளவு படம் எடுக்க மாட்டாங்க" என்றாள் மனைவி.

தினம் ஒன்றாக அனுப்பினேன், தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து. சாப்பாடு மட்டும் பழைய சாப்பாடுதான். மாதக் கடைசியில் எடை ஒரு கிலோ கூடியிருந்தது. அதற்கு அவள் எதுவும் சொல்லவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. திட்டாத ஆள் எங்கேயோ எழுதிவைக்கிற ஆள் என்பது என் எண்ணம்.

அவளைச் சோதித்துப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். ஐந்தாவது அழைப்பு வந்தபோது நிலையத்துக்குப் பின்னால், லோரிகளைக் கழுவும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, ஒரு பொய்யைச் சொன்னேன்.

"எடது முட்டி ரொம்ப வலிக்குது. படி ஏறவே முடியல. ஆபீஸ்ல தெரிஞ்சா லோரியில இருந்து எறக்கிடுவாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"இல்ல."

"காட்டுங்க அண்ணே. உள்ள போற வேல உங்களுக்கு. வெளையாட்டு இல்ல லா."

நான்கு நாள் கழித்து அதிகாரி கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, "முட்டி எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

இல்லாத முட்டிவலி அது. நான் ஒரே ஒருத்தியிடம் சொன்னது. எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் வந்தது சந்தோஷம். நான் சந்தேகப்பட்டது சரிதான் என்ற சந்தோஷம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மருத்துவரிடம் சான்று வாங்கி வரும்வரை தீக்குள் போகக்கூடாது என்று அவர் சொன்னதுகூட அந்த நேரத்தில் எனக்குச் சரியாக உறைக்கவில்லை.

அடுத்த செவ்வாய் அவள் அழைப்பதற்கு முன்பே நான் அழைத்தேன்.

"சொல்லிட்டீங்கள்ல?"

"என்னாது அண்ணே?"

"முட்டி விஷயம். துவான் கூப்ட்டுக் கேட்டாரு."

"நான் சொல்லல" என்றாள். சத்தியம் செய்யவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "டாக்டர் என்ன சொன்னாரு? வலி எப்படி இருக்கு?"

"வலியே கெடையாது. நீங்க சொல்றீங்களா இல்லையான்னு பாக்கத்தான் சொன்னேன்."

தட்டச்சு சத்தம் நின்றது.

"சரி. அப்ப நானும் ஒன்னு சொல்லிடறேன். அஞ்சு வாரமா நீங்க அனுப்புற படம் எல்லாத்துலயும் வெள்ளரிக்கா ஏழு துண்டுதான் இருக்கு. முட்டையில அதே எடத்துல அதே கீறல்."

என் காது சூடாகிவிட்டது. "தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா அடுத்த வாரம் போன எடுத்திருப்பீங்களா?"

தொடர்பைத் துண்டித்தேன். என்னைக் கையும் களவுமாகப் பிடித்தவள் என்பதால் அவள் மேல் சந்தேகம் இன்னும் கூடத்தான் செய்தது.

கிளினிக்குக்குப் போனேன். மருத்துவர் முட்டியை மடக்கி, நீட்டி, அமுக்கிப் பார்த்தார். எங்கே வலிக்கிறது என்று கேட்டார். ஓரிடத்தைக் காட்டினேன். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி கேட்டார். வேறோர் இடத்தைக் காட்டிவிட்டேன் போலிருக்கிறது. அவர் முட்டியை விட்டுவிட்டு இரத்த அழுத்தம் பார்த்தார். ஒருமுறை பார்த்தார். பத்து நிமிடம் உட்காரவைத்து இன்னொருமுறை பார்த்தார். முட்டிக்குச் சான்று எழுதித் தந்தார். ஆனால் அழுத்தம் இறங்கும்வரை காற்றுச் சிலிண்டர் மாட்டிக்கொண்டு உள்ளே போகக்கூடாது என்று அதற்குக் கீழேயே எழுதினார். பொய்யைச் சொல்லிப் போனவனுக்கு உண்மையான நோயைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் முதல் நான் கவுண்டரில்.

கவுண்டரில் உட்கார்ந்த பத்தாம் நாள் என் ஜோடி வந்தான். லோரி வெளியே போய்த் திரும்பியிருந்தது. முகத்தில் கரி. படிவம் நிரப்ப வந்தவன்போல நின்றான்.

"துவான்கிட்ட முட்டி விஷயம் சொன்னது நான்தான்."

நான் அவனை நிமிர்ந்து பார்த்தேன்.

"லோரிக்கு அந்தப் பக்கம் டயர் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ ரகசியம் பேசுறதா நெனச்சு ஊருக்கே கேக்குற மாதிரி பேசுன."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கெலுகோர்ல கேட்டேனே. ஓகேன்னு சொன்ன. ஒதடு நீலமா இருந்துச்சு மச்சான் உனக்கு." அவன் கவுண்டர் மேல் கையை வைத்தான். "நீ உள்ள விழுந்தா நான்தான் உன்ன இழுத்துக்கிட்டு வரணும். வீட்ல படுத்துக்கிட்டு யோசிச்சுப் பாத்தேன். கதவு வரைக்கும்கூட என்னால இழுக்க முடியாது. விட்டுட்டும் வர மாட்டேன். அப்ப ரெண்டு பேரும்தான் போவோம். எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

அவன் கண் கலங்கியிருந்தது. புகையால் என்று சொல்லிக்கொண்டே முகத்தைத் துடைத்தான்.

"லிஸ்ட்ல பேரு குடுத்ததும் நீதானா?"

"அது நான் இல்ல லா."

அதை நான் நம்பினேனா என்று கேட்டால், பாதிதான் நம்பினேன். ஆனால் அவன் சொன்ன மற்றதெல்லாம் அன்று முழுக்க நெஞ்சில் கிடந்தது. யார் என்னைப் பற்றி எழுதுகிறார்கள், யார் எங்கே சொல்கிறார்கள் என்று அத்தனை நாள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் தூக்க முடியுமா என்று ஒருவன் படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறான்.

இரண்டு செவ்வாய் அவள் அழைப்பை எடுக்காமல் விட்டிருந்தேன். மூன்றாவது அழைப்பை எடுத்தேன்.

"நீங்க சொல்லலன்னு தெரிஞ்சுருச்சு" என்றேன். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை.

"சரி அண்ணே" என்றாள். "இப்பவாவது சொல்லுங்க. எப்ப நெறைய சாப்புடுறீங்க?"

யோசித்துச் சொன்னேன். பசிக்கும்போது இல்லை. தீயிலிருந்து திரும்பியதும் கை நடுங்கும். வெளியே யாருக்கும் தெரியாது. எல்லோரும் மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்குப் போவோம். இரண்டு ரொட்டி சானாய், ஒரு தட்டு மீ கோரெங் நூடுல்ஸ், சீனி தூக்கலாகத் தே தாரேக் டீ. சாப்பிட்டு முடிப்பதற்குள் நடுக்கம் நின்றுவிடும். இதை நான் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அவள் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. "எங்க வாப்பாவே நாசி கண்டார் சோத்துக் கடதான் வச்சிருக்காரு. சாப்புடாதீங்கன்னு நான் சொன்னா அவரே என்ன வீட்ட விட்டு வெரட்டிருவாரு" என்றாள். நான் அந்த இரண்டு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தேன். எதை விடுவது சுலபம் என்று என்னையே கேட்டாள். சீனி என்றேன். அதிலிருந்து தொடங்கினோம். பிறகு சோற்றில் கறிக்குழம்பை வெள்ளமாக ஊற்றச் சொல்வதை விட்டேன். நடுக்கம் வந்தால் கடைக்குப் போவதற்கு முன் கால்மணி நேரம் நடப்பது என்று வைத்துக்கொண்டோம். என் ஜோடியும் கூட நடந்தான், பேசாமல்.

சீராக இறங்கவில்லை எடை. தீபாவளி வாரத்தில் மூன்று கிலோ ஏறியது. அதைப் படம் எடுத்தே அனுப்பினேன், முறுக்குத் தட்டோடு. அழுத்தத்துக்கு மாத்திரையும் வேண்டியிருந்தது. ஏழு மாதத்தில் நூற்றுப் பத்தொன்பதிலிருந்து பதினோரு கிலோ குறைந்தது. நூற்றெட்டு என்பது இன்னும் அதிகம்தான், பட்டியலில் இன்னும் என் பெயர் இருக்கிறது. ஆனாலும் மருத்துவர் கையெழுத்துப் போட்டார்.

லோரியில் மறுபடி ஏறிய முதல் நாள் மதியம் மணி அடித்தது. பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினேன். தீ இல்லை. ஒரு வீட்டுச் சமையலறையில் மலைப்பாம்பு, அரிசி டின்னுக்குப் பின்னால். நான் வாலைப் பிடித்தேன், என் ஜோடி தலையைப் பிடித்தான். வீட்டுக்காரர் நாற்காலி மேல் நின்றுகொண்டு, பாம்பு எவ்வளவு கனம் இருக்கும் என்று கேட்டார்.