வெடிக்குப் பயப்படாத நாய்

லயத்து நாய்களைச் சுடப்போகிறார்கள் என்று எனக்கு முதல் நாள் மாலையே தெரியும். தெரிந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்று செத்த ஒரு நாயை, சாவதற்கு ஏற்றபடி பழக்கியவனும் நான்தான். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கும் வயதாகிவிட்டது. இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ரயில் இன்னும் பதுளைக்கு வராத காலம் அது. பெரகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். திருச்சிராப்பள்ளியில் மிஷன் பள்ளியில் படித்தவன். இங்கிலீஷ் எழுதத் தெரியும் என்ற ஒரே காரணத்தால் இருபத்துநாலு வயதில் ஆபீசில் நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலியின் மேல் எனக்கு இருந்த ஆசை கொஞ்சமல்ல.

கூலி ஆட்கள் வரிசை வரிசையாகக் குடியிருக்கும் லயங்களில், கீழ் லயத்தின் கடைசி அறையில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி தனியாக இருந்தாள். நாற்பது வயதிருக்கும். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. ஒரு பெட்டை நாய் மட்டும் இருந்தது. அது குட்டியாக இருந்தபோது யாரோ கொதிநீரை ஊற்றிவிட்டார்கள். முதுகில் ஒரு சாண் அகலத்துக்கு மயிரே முளைக்கவில்லை. ஆண்களின் காலடி கேட்டால் அடுப்புக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொள்ளும். காட்டுப்பன்றியை விரட்டத் தோட்டக் காவல்காரர் துப்பாக்கியால் வெடி போட்டால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடும். அப்புறம் இரண்டு நாள் சோறு தின்னாது.

விடியலில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஒரு நாள் அவள் என்னிடம் வந்து நின்றாள்.

“ஐயா படிச்சவங்க. எங்க நாய்க்குப் பயம் தெளிய ஏதாச்சும் மருந்து இருக்குங்களா?”

மருந்தில்லை, பழக்கினால் தெளியும் என்றேன். கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது.

வேலை முடிந்ததும் தினமும் அவள் வாசலுக்குப் போய், நாய்க்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வேன். பேச மாட்டேன். பின்பக்கம் உள்ளங்கையில் ஒரு துண்டு கருவாடு இருக்கும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து என் விரல்களில் அதன் மூச்சு பட்டது. அடுத்த வாரம் கருவாட்டை எடுத்துக்கொண்டது. பகலில் அதை உள்ளே வைத்துப் பூட்ட வேண்டாம், பூட்டினால் பயம் போகாது என்று அவளிடம் சொன்னேன். அவளும் பூட்டுவதை விட்டாள்.

பிறகு கயிற்றில் பிடித்துப் பெரட்டுக் களத்துக்குக் கொண்டுவந்தேன். முதலில் தூரத்தில் நிறுத்துவேன். ஒவ்வொரு நாளும் பத்தடி கிட்டே. பெண்கள் கூடைக்குப் பின்னால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். “கணக்கப்புள்ள ஐயாவுக்கு வாலு மொளைச்சிருக்கு, பாருங்கடி” என்றாள் ஒருத்தி. சிரித்தவர்களிடமே ஆளுக்கொரு துண்டு கருவாடு கொடுத்து நாய்க்குப் போடச் சொன்னேன். இரண்டு மாதத்தில் கயிறு தேவைப்படவில்லை. பேர் கூப்பிடும்போது வரிசை நெடுக ஒவ்வொருவர் காலையும் மோந்துகொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு போகும்.

கடைசியாக வெடி. காவல்காரர் பள்ளத்தில் வெடி போடும் சாயங்காலங்களில் அதை மேட்டில் வைத்துக்கொண்டு, சத்தம் கேட்ட அந்த நொடியே கருவாட்டைக் கொடுப்பேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே போனோம். பிறகு காவல்காரரின் கையிலேயே கருவாட்டைக் கொடுத்து வைத்தேன். வெடி கேட்டால் அது அவரைத் தேடி ஓடத் தொடங்கியது. அதை முதல்முதல் பார்த்த அன்று அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் குதிரையில் வந்த தோட்டத்து வெள்ளைக்காரத் துரை நிறுத்தி, உன் நாயா என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு வெட்கமாகிவிட்டது. இல்லை, கூலிக்காரி ஒருத்தியின் நாய் என்றேன்.

அடுத்த மழைக்காலத்தில் பக்கத்துத் தோட்டத்தில் வெறிநாய் கடித்து ஒரு குழந்தை செத்தது. துரை என்னைக் கூப்பிட்டார். மறுநாள் ஆட்கள் மலைக்கு ஏறியதும் லயத்து நாய்களைச் சுட வேண்டும், முன்கூட்டித் தெரிந்தால் ஒளித்துவிடுவார்கள், ஆகவே யாருக்கும் சொல்லக் கூடாது என்றார். பங்களா நாய்களுக்கும் ஆபீஸ்காரர்களின் நாய்களுக்கும் மட்டும் விலக்கு.

அன்று மாலை அவள் வாசல் வரைக்கும் போனேன். பக்கத்து வாசலில் கங்காணி உட்கார்ந்திருந்தார். மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். நாயை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூட்ட வேண்டாம் என்று சொன்னவன் நான் என்பது அப்போதும் நினைவில் இருந்தது.

காலையில் துரையோடு ஆபீஸ் வாசலில் நின்றேன். முதல் வெடி கேட்டதும் லயத்து நாய்கள் எல்லாம் தேயிலைக்குள் பாய்ந்தன. எதிர்ப்பக்கமிருந்து ஒன்று மட்டும் காவல்காரரை நோக்கி ஓடி வந்தது. அவர் முன்னால் உட்கார்ந்து அவர் கையையே பார்த்தது.

அவர் துப்பாக்கியைத் தாழ்த்தினார். திரும்பிப் பார்த்தார். துரையை அல்ல, என்னை. அது என் நாய் என்று நான் ஒரு வார்த்தை சொல்வதற்காகக் காத்திருந்தார். இல்லையென்று துரையிடம் ஏற்கெனவே சொன்னவன் நான். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெடிச் சத்தம் கேட்டது.

சாயங்காலம் மலையிலிருந்து இறங்கியவள் கூடையோடு நேரே என்னிடம் வந்தாள்.

“ஓடலைங்களா?” என்று கேட்டாள்.

“இல்லை” என்றேன். அவள் கொழுந்து நிறுக்கப் போனாள்.

மூன்று வாரம் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. நான்காம் ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைக்குப் போனேன். அங்கே துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவின் பின்கட்டில், சாக்குகளுக்கு நடுவே தெரு நாய் ஒன்று குட்டி போட்டிருந்தது. “எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க தம்பி. தொழுகைக்குப் போற உடுப்புல வந்து படுக்குதுங்க” என்றார். ஒன்றை மட்டும் கூடையில் வைத்துக் கொண்டுவந்தேன்.

அவள் வாசலில் கூடையை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நாளே எனக்குத் தெரியும் என்றும், காவல்காரர் காத்திருந்தார் என்றும், நான் வாய் திறக்கவில்லை என்றும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். குட்டி கூடையிலிருந்து இறங்கி என் காலை நக்கியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுக்குப் பயப்படாம இருக்கச் சொல்லிக் குடுத்தீங்க” என்றாள். “இதுக்குப் பயப்படச் சொல்லிக் குடுங்க ஐயா.”

கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு நகரவில்லை. நான் ஒரு மண்கட்டியை எடுத்து எறிந்தேன். குட்டி அதை விளையாட்டு என்று எண்ணி, குரைத்துக்கொண்டு ஓடி, வாயில் மண்ணோடு திரும்பி என்னிடமே வந்தது. அன்று அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் குச்சியால் அடித்தேன். நாலைந்து நாளில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. “போதுங்க” என்றாள் அவள்.

அந்த நாய் ஒன்பது வருஷம் இருந்தது. அதற்குள் இன்னும் இரண்டு தடவை நாய் சுட்டார்கள். இரண்டு தடவையும் ஆள் நடமாட்டம் தெரிந்த உடனேயே அது காட்டுக்குள் போய்விட்டது. எந்த மனிதர் கைக்கும் அது வரவில்லை. ஆள் பார்த்துப் பயப்பட அதற்குத் தெரியவில்லை. அவள் கைக்கும் வரவில்லை. வாசல் முன் சாக்கடைக் கானோரத்தில் சோற்றை வைத்துவிட்டு அவள் உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட வேண்டும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அது வந்து தின்னும்.

ஒரு நாள் அவளிடம், வேறு குட்டி கொண்டுவரட்டுமா, கிட்டே படுக்கிற மாதிரி ஒன்று, என்று கேட்டேன்.

“வேணாங்க. இது இருக்கே” என்றாள்.

நான் லயத்து வழியாகப் போகும் மாலைகளில் அவள் கதவு சாத்தியிருக்கும். அது தின்பதை உள்ளிருந்து கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். என் காலடி கேட்டு அது ஓடிவிடக் கூடாது என்று நான் மேல் பாதையைச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டேன்.