எர்த்துக்கு எரு வைத்த சடையன்

இடிதாங்கி மாட்டுகிற பிழைப்பில், வேலை ஒழுங்காக இருந்தால் ஒன்றுமே நடக்காது. அதனால் பாராட்டவும் ஆள் இருக்காது. கூரை ஏறிப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா!

மண்ணுக்கு வந்த பெயர்

வெள்ளைக்காரன் காலம். மலையில், வாசலூர்பட்டிக்கு மேலே இருந்த ஒரு பங்களாவுக்கு இடிதாங்கி மாட்ட, செம்புக் கம்பியைத் தலைச்சுமையாக ஏற்றிப் போனேன். அங்கேயே குடியிருந்த காவல்காரர் சடையன் முகம் வாடி நின்றார். போன கோடையில் பக்கத்து மரத்தில் இடி விழுந்ததும், அவர் மனைவி பொன்னாயி பிள்ளையோடு மலையிலேயே வேறொரு பகுதியான எடப்புளி நாட்டில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாளாம். "கம்பி ஏறுனாத்தான் வருவேன்னுட்டாளுங்க" என்றார். கேட்கப் பாவமாக இருந்தது.

அவருக்குத் தைரியம் வரட்டும் என்று விளக்கினேன். எர்த் என்றால் இங்கிலீஷில் மண். ஆதியில் தந்திக்காரர்கள் மின்சாரம் போக ஒரு கம்பி, திரும்பி வர ஒரு கம்பி என்று இழுத்தார்கள். திரும்பி வர மண்ணே போதும் என்று பிறகுதான் தெரிந்தது. அன்று முதல் மண்ணோடு சேர்க்கிற இணைப்புக்கே எர்த் என்று பெயர். இடியும் அந்த வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும் என்றேன். சடையன் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்பக் கம்பிய உடுங்க, மண்ணுதானுங்க முக்கியம்!"

உப்பு

எர்த்துக்குத் தோண்டிய குழியில், கம்பியின் அடிமுனையோடு சேர்கிற செம்புத் தகட்டை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டுவிட்டுக் கூரை ஏறினேன். ஈரத்தைப் பிடித்து வைக்கத்தான் உப்பு. இறங்கி வந்தால் உப்பு மொத்தமும் பாறைமேல் கிடக்கிறது. குழி நிறைய மட்கிய சாணி எரு! எனக்கு வந்ததே கோபம். "யாரைக் கேட்டுய்யா செஞ்சே?" என்று கத்தினேன். மனுஷன் அசரவில்லை. "ஏனுங்க, எம்பொஞ்சாதி உசுரக் காப்பாத்தப் போற மண்ணு. அதுல போயி உப்பக் கொட்டுவாங்களா?"

பரங்கிக்கொடி

கடைசியில் ராஜிக்கு வந்தோம். அடியில் என் உப்பு, மேலே அவர் எரு. மண் காயாமல் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு மலை இறங்கினேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. என் கம்பியை நம்பி ஒருத்தி பிள்ளையோடு வருகிறாளே!

மறு வருஷம் பார்க்கப் போனேன். குழி மேட்டில் பரங்கிக்கொடி காய்த்துத் தள்ளியிருந்தது. பக்கத்தில் பொன்னாயி, இடுப்பில் பிள்ளை! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இடி விழுந்ததா என்று அவளிடம் கேட்டேன். "உளுந்துதுங்க சாமி, கம்பியில எறங்குனத இந்தக் கண்ணால பாத்தேன். ஊட்டுக்கு ஒண்ணும் ஆவலீங்க. எல்லாம் இவரு வெச்ச எருவுதானுங்க!"

கம்பி என்னுடையது, தகடு என்னுடையது, பேர் மட்டும் எருவுக்கு என்று முனகிக்கொண்டே, அவள் கொடுத்த பரங்கிக்காயைத் தோளில் வைத்து மலை இறங்கினேன்.