தீட்டிய கை

நான் ஒரு பொய்யன். பழவேற்காட்டில் என் சவரக்கத்திக்கு இருக்கிற நல்ல பெயர் என்னுடையதே அல்ல... அது என் மனைவி மல்லிகாவுடையது!

நம்புங்கள். மற்ற சலூன்களில் பிளேடைப் பாதியாக ஒடித்து மாட்டிச் சிரைக்கிறார்கள். என்னிடம் மட்டும் கல்லில் தீட்டிய கத்தி. பசியாவரம் தீவிலிருந்து படகேறி வருகிறவர்களின் தாடி உப்புக்காற்றில் முரடேறியிருக்கும். அதில் கத்தி போவதே தெரியாது. "இன்னா கை நைனா உனக்கு!" என்பார்கள். நான் மீசையை நீவிக்கொள்வேன். வெட்கங்கெட்டவன்!

எனக்குத் தீட்ட வராது. அழுத்திவிடுவேன், கூர் மழுங்கிவிடும். கல்யாணமான புதிதில் ஒருவர் கன்னத்தைக் கீறிவிட்டு வீட்டுக்கு வந்து கல்லோடு மல்லுக்கட்டினேன். "கத்தி தீட்டுறியா, தேங்கா துருவுறியா? தள்ளுய்யா!" என்று மல்லிகா பிடுங்கினாள். கத்தியின் முதுகும் கூரும் ஒருசேரக் கல்லில் படிய, அழுத்தாமல், கூர் முன்னே போகத் தள்ளினாள். பிறகு தோல்வாரில், முதுகு முன்னே போக இழுத்தாள். என் முன்கையில் வைத்தாள்... மயிர் தொட்டதும் விழுந்தது!

அன்றிலிருந்து தீட்டுவது அவள். பெயர் வாங்குவது நான்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைச் சவரத்துக்கு பிளேடு ஆகாது. கத்தியால் சிரைத்து முடித்ததும், அதைத் தீட்டிய கையில் புதுத்துண்டு சுற்றி மரியாதை செய்வார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா துண்டை விரித்தபடி கேட்டார். "தீட்டுன கை எது நைனா? நீட்டு."

மல்லிகா பந்தல்காலை ஒட்டி நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் அப்படியோர் ஆசை... அதுவரை நான் பார்த்ததே இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே! ஊர் சிரிக்கும் என்று பயந்தேனா? பெயர் போய்விடும் என்றா?

என் கையை நீட்டினேன்.

நாங்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறோம், அதில் பொய்யில்லை. இறால் தொக்கு வைக்கிறாள், என் தொப்பையைக் கிண்டலடிக்கிறாள், காலையில் கத்தி தயாராக இருக்கிறது. எனக்கென்ன குறை? ஆனாலும் நேற்று மனசு கேட்கவில்லை. "கோவமாடி?" என்றேன்.

"இன்னாத்துக்குக் கோவம்? நீ சொல்லிடுவேன்னு ஒரு நிமிசம் நெனச்சேன்யா... அவ்ளோதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்புதான். அந்த ஒரு நிமிஷத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன், சொல்லுங்கள்!