பரேடுக்குத் தைத்த கோட்டு

தெருவில் அவருக்கு 'அரை இஞ்ச்' என்று பேர். தையல்காரர். பேண்ட் விளிம்பு அரை இஞ்ச் ஏறியிருந்தாலும் வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பி, பிரித்துத் தைத்துத்தான் கொடுப்பார். துணி விஷயத்தில் அப்படியொரு நாணயம். வாய் விஷயத்தில் மட்டும் முழம் முழமாகக் கூட்டிவிடுவார்.

மகனுக்கு ராணுவ அகாடமியில் இடம் கிடைத்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கடிதம் வந்தால் தையல் மெஷின் மேலேயே பிரித்து, பித்தான் தைக்க வந்தவர், எதிர்க்கடைக்காரர் என்று அகப்பட்டவர்களை எல்லாம் நிறுத்தி வைத்து உரக்கப் படிப்பார். "சேற்றில் உருட்டுகிறார்கள் அப்பா, முழங்கையெல்லாம் உரிந்துவிட்டது" என்று பையன் எழுதியிருப்பான். "துப்பாக்கி சுடுவதில் நான்தான் முதல்" என்று இவர் படிப்பார். "தட்டில் கை வைப்பதற்குள் விசில் அடித்து எழுப்பிவிடுகிறார்கள்" என்பது இவர் வாயில் "சாப்பாட்டுக்குக் குறையே இல்லை" என்று வரும். எதிர்க்கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். மனைவி மட்டும் கடிதத்தை அப்புறம் கேட்டு வாங்கி, தானே படித்து, அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

பயிற்சி முடிகிற அன்று பரேடு. அது முடிந்ததும் பெற்றவர்கள் மைதானத்தில் இறங்கி, பிள்ளையின் தோளில் நட்சத்திரம் குத்த வேண்டும். அதற்காக அவர் தனக்கொரு கோட்டு தைத்தார். ஊருக்கெல்லாம் தைத்த கைக்கு அதுதான் முதல் சொந்தக் கோட்டு. பரேடு தேதி நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும், அப்படிச் சொல்லி வைத்திருந்தார்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. "அப்பா, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு குத்திக் குத்தி வலிக்கிறது. பூட்ஸ் போடும்போது கண்ணில் தண்ணீர் வருகிறது. டாக்டரிடம் போனால் ஓய்வு தருவார்கள். ஆனால் ஓய்வெடுத்தவர்களை அடுத்த அணிக்குத் தள்ளிவிடுவார்கள், பரேடு ஆறு மாதம் கழித்துத்தான். நீங்கள் சரி என்றால் போகிறேன்."

கடையில் அவர் படித்தது இது: "ஓடி ஓடிக் கால் இரும்பாகிவிட்டது அப்பா."

"என்னங்க, ரெஸ்ட் எடுக்கச் சொல்லி எழுதுங்க. ஆறு மாசம்தானே, போனாப் போகுது" என்றாள் மனைவி.

"உனக்கென்ன, வீட்டுக்குள்ள இருக்க. தெருவுல நிக்கிறவன் நான். பையன் ஃபெயிலு, அதான் தள்ளி விட்டாங்கன்னு பேசுவானுங்க. நானும்தான் காலையிலேருந்து மெஷின் மிதிக்கிறேன், எனக்குக் கால் வலிக்காதா?"

அந்தக் கையோடு பதில் எழுதினார். "வலியெல்லாம் மனசில்தான். பல்லைக் கடித்துக்கொள். கோட்டு தைத்தாகிவிட்டது. என் மானத்தைக் கப்பலேற்றிவிட்டு இந்த வாசலை மிதிக்காதே." பாவி மனிதர், நிறுத்தற்குறிகூடத் தவறாமல் எழுதினார்.

பையனிடமிருந்து ஒரே வரி வந்தது. "சரி அப்பா."

அதற்கடுத்தது அகாடமியே அனுப்பியது. மூட்டை சுமந்து ஓடுகிற பரீட்சையில் கால் எலும்பு இரண்டாக முறிந்து பள்ளத்தில் விழுந்தான், ஏற்கனவே விரிசல் விட்ட எலும்பு, அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, இனிப் பயிற்சிக்கு லாயக்கில்லை.

"என்ன எழுதியிருக்கான் தம்பி?" என்று எதிர்க்கடைக்காரர் ஆவலாகக் கேட்டார்.

"பரேடுல நமக்கு முன்வரிசையாம்" என்றார் அவர். அப்போதும் அந்த வாய் அடங்கவில்லை.

பையன் ஊன்றுகோலோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது தெருவே வேடிக்கை பார்த்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. வாசல்படிக்கு முன்னால் வந்ததும் அவன் நின்றுவிட்டான்.

"உள்ள வரலாமாப்பா?"

அம்மாதான் ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

மாதங்கள் போயின. ஊன்றுகோலை விட்டு நடக்க ஆரம்பித்ததும் அவன் ஒரு பேண்ட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான். "இடது பக்கம் தரையில இழுக்குதுப்பா. கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க." குரலில் கோபமில்லை. யாரோ ஒரு தையல்காரரிடம் கேட்பது போலக் கேட்டான்.

அவர் டேப்பைத் தேடினார். மனைவி உள்ளேயிருந்து கோட்டைக் கொண்டுவந்து மெஷின் மேல் போட்டாள்.

"போட்டுக்கிட்டு அளவெடுங்க. பிள்ளைக்காகத்தானே தெச்சீங்க."

குனிந்து அளந்தார். வலது காலைவிட இடது கால் ஒரு இஞ்ச் குறைவு. நம்பாமல் மறுபடி அளந்தார். டேப் அவரைப் போல இல்லை, இருப்பதைத்தான் சொன்னது.

பையன் போன பிறகு, சாக்குக்கட்டியால் கோடு போட்டுக் கத்தரியை வைத்தார். பித்தான் தைக்க வந்த புது ஆள் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், ஒரு கால் குட்டையாப் போகுதே? அளவு தப்பா எடுத்துட்டீங்களா?"

"இல்லைங்க" என்றார். "அளவு அதுதான். என் பையனோடது."