டிஞ்சர் கறை

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளெல்லாம் என் விரல்கள் பழுப்பாகவே இருக்கும். ஊசிக்கு முன்னால் குழந்தையின் புஜத்தில் டிஞ்சர் தடவுவோம். அந்தக் கறை கழுவினாலும் லேசில் போகாது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்தில், நான் ஒரு வரிசைக்கும் தோட்டத்து மருந்துக்கார ஐயா இன்னொரு வரிசைக்கும் போடுவோம். பிறகு நான் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கி, ஒற்றை அறைக் காம்பராக்களில் கறை இல்லாத கைகளைத் தேடுவேன்.

நுவரெலியா கடைவீதியில் பிறந்தவள் நான். சின்ன வயது, வாய் மட்டும் நீளம். ஊசிக்குப் பயந்து குழந்தையை ஒளித்து வைத்த தாய்மாரை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். மேல் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தவளிடம் மட்டும் அது முடியவில்லை. அவளுடைய மூத்த மகனுக்கு அம்மை குத்திய அன்றே காய்ச்சல் வந்தது. அது விட்டு, பல நாள் கழித்து வயிற்றுப்போக்கில்தான் அவன் செத்தான். அவள் மனதில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

"இந்தப் புள்ளையாச்சும் எனக்கு நிக்கட்டுமுங்க நர்ஸம்மா," என்றாள். மடியிலிருந்த பெண் குழந்தை என் பையின் வாரைப் பிடித்து இழுத்தது.

"நிக்கணும்னுதான் போடச் சொல்றேன். தொண்டை அடைப்பான் வந்தா மூச்சு விட முடியாது."

எத்தனையோ விதமாகச் சொன்னேன். வேண்டாமென்றே தலையை ஆட்டினாள்.

அடுத்த தடவை நான் போனபோது வாசலிலேயே நின்று, குழந்தையின் சட்டைக் கையை உயர்த்திக் காட்டினாள். நல்ல பழுப்புக் கறை.

"ஐயா வரிசையில போட்டுக்கிட்டோமுங்க."

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அவள் காய்ச்சிக் கொடுத்த, பால் விடாத சாயத் தண்ணியைக் குடித்துவிட்டு, குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு இறங்கினேன்.

மழைக்காலத்தில் அந்தக் குழந்தைக்குத் தொண்டை வீங்கியது. ஆள் வந்து சொல்லி நான் போய்ச் சேர்வதற்குள் வாய்க்குள் வெள்ளையாகப் படர்ந்திருந்தது; ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குழி உள்ளே போனது. கொழுந்து லொறியில் ஏற்றி நுவரெலியாவுக்குக் கொண்டுபோனோம். லொறியில்தான் அவள் சொன்னாள். தேயிலைத் தூளைக் கெட்டியாகக் காய்ச்சி, துணியை அதில் நனைத்து, அன்று நான் வருவதற்கு முன்னால் குழந்தையின் கையில் தடவியிருக்கிறாள்.

"சாயந்தான் தடவுனேன். ஊசி போடலீங்க. இப்ப போடுங்கம்மா. எத்தனை வேணும்னாலும் போடுங்க."

என் பையில் ஊசி இருந்தது. இனி அதனால் பிரயோசனமில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? நானுஓயாவைத் தாண்டுவதற்குள் குழந்தையின் மூச்சு அடங்கிவிட்டது. அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சுற்றுக்கு நான் லயத்தில் ஏறியபோது, அவள் வேலைக்குப் போகாமல் எனக்காகக் காத்திருந்தாள். என் பின்னாலேயே வந்தாள். கறையோடு நீண்ட ஒவ்வொரு சின்னக் கையையும், முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அழுத்தித் துடைத்துப் பார்த்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் தொடுகிறாளே என்று சில பெண்கள் முகம் சுளித்தார்கள். எனக்குக் கோபம் பொங்கியது. அவள் அந்த முகச்சுளிப்பைச் சட்டை செய்யவில்லை.

ஒரு காம்பராவில் கறை அப்படியே முந்தானைக்கு வந்துவிட்டது. அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் குழந்தையை வாங்கித் தன் மடியில் இருத்தி, கையை அசையாமல் பிடித்துக் கொடுத்தாள். ஊசி இறங்கியதும் குழந்தை வீறிட்டது. தாய் பதறிப்போய்க் கையை நீட்டினாள்.

"அழட்டும் தங்கச்சி," என்றாள் இவள், குழந்தையை விடாமல். "அழுறதுக்குப் புள்ள இருக்குல்ல."